ஓய்வுக்குப் பின் வாழும் முகம்: குட்டி ஜப்பானிலிருந்து ஒரு பார்வை

2006 ஜூலை 3 அன்று ஜப்பானியக் கால்பந்து நட்சத்திரம் ஹிடெடோஷி நகாட்டா தன் ஓய்வை அறிவித்தார். வயது 29. உலகக் கோப்பையில் டார்ட்மண்ட் மைதானத்தில் பிரேசிலிடம் ஜப்பான் 1-4 என்று தோற்றுப் பதினொரு நாள்தான் ஆகியிருந்தது. ஆட்டம் முடிந்ததும் நடுவட்டத்தில் நெடுநேரம் மல்லாந்து கிடந்த அவர், அதன்பின் தொழில்முறை ஆட்டத்துக்குத் திரும்பவில்லை. ஓய்வைச் சொல்ல அவர் பத்திரிகையாளர்களைக் கூட்டவில்லை. தான் நடத்திவந்த இணையதளத்தில் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். நாளிதழ்களும் தொலைக்காட்சிகளும் அதைப் படித்துத்தான் ஊருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 2020 ஆகஸ்ட் 15 மாலை தோனி இன்ஸ்டாகிராமில் ஒரு காணொளி போட்டுச் சர்வதேச ஆட்டத்திலிருந்து விடைபெற்றபோது தமிழ்நாடு அதைக் கைபேசியில் பார்த்தது நினைவிருக்கும். அந்த வழியில் 14 ஆண்டுகளுக்கு முன்பே நடந்து காட்டியவர் நகாட்டா.

விடைபெற்றவரை உலகம் விடவில்லை. அவர் ஆடுவதை நேரில் பார்த்திராத, 2006-க்குப் பின் பிறந்த பிள்ளைகள்கூட அவர் பெயரைச் சரியாகச் சொல்கிறார்கள். பழைய கோல்கள் சிறு காணொளிகளாகச் சுற்றுகின்றன. ஆடுவதை நிறுத்திய ஒருவரின் புகழ் எப்படி வளர்கிறது? இதை ஆராய விருதுநகர் மாவட்டத்தைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் எண்ணம். முகங்களைப் படமாக்கி, பல்லாயிரம் பிரதிகளாகப் பெருக்கி, தெரியாத வீடுகளின் சுவரில் ஏற்றுவதையே தொழிலாகக் கொண்ட ஊர் சிவகாசி. புகழ் என்பது புகழப்படுபவரின் சொத்து என்று நாம் நினைக்கிறோம். அதை நாள்தோறும் உயிரோடு வைத்திருப்பவர்கள் வேறு ஆட்கள் என்பது இந்த ஊருக்குத் தெரியும்.

சிவகாசிக்குக் குட்டி ஜப்பான் என்று பெயர். நேரு சூட்டிய பெயர் என்று ஊரில் சொல்வார்கள். யார் சூட்டியிருந்தாலும், ஜப்பானோடு இவ்வூருக்கு உள்ள தொடர்பு வெறும் புகழ்ச்சி அல்ல, தொழில்வழி வந்தது. முதல் உலகப்போர்க் காலத்தில் ஐரோப்பியத் தீப்பெட்டி வரத்து தடைப்பட, இந்தியச் சந்தையை ஜப்பானியத் தீப்பெட்டிகள் பிடித்துக்கொண்டன. அவற்றுக்குத் தலைநகரம்போல இருந்தது கோபே துறைமுகம். இந்தியாவில் விற்பதற்காக இந்திய உருவங்களையே லேபிளில் அச்சிட்டு அங்கிருந்து கப்பலேற்றினார்கள். 1910 வாக்கில் கல்கத்தாவில் குடியேறிய சில ஜப்பானியக் குடும்பங்கள் எளிய கருவிகளைக் கொண்டு தீக்குச்சி செய்ய, அந்த வேலையை வங்காளிகள் கற்றுக்கொண்டார்கள். 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் அத்தொழிலைக் கற்று, அடுத்த ஆண்டு ஊர் திரும்பித் தீப்பெட்டி ஆலை தொடங்கினார்கள். இறக்குமதித் தீப்பெட்டிக்கு வரி கூட்டப்பட்டதும் அதே 1922-தான். காலம் கைகொடுத்தது. வானம் பார்த்த கரிசல் பூமியில், விவசாயம் பொய்த்த வீடுகளுக்குத் தீப்பெட்டி சோறு போட்டது.

தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கடையில் போய் ‘அணில் கொடு’, ‘காக்கா கொடு’ என்று கேட்டு வாங்கப் படம் வேண்டும். தொடக்கத்தில் வெளியூரில் அடித்து வாங்கிய லேபிளை உள்ளூரிலேயே அடிக்க லித்தோ இயந்திரங்கள் வந்தன, பின்னர் ஆஃப்செட் வந்தது. இரண்டாம் உலகப்போரில் வெளிநாட்டுப் பட்டாசு நின்றபோது பட்டாசுத் தொழில் காலூன்றியது, அதற்கும் லேபிள் தேவைப்பட்டது. லேபிள் வேலை இல்லாத மாதங்களில் இயந்திரம் சும்மா நிற்கக் கூடாதென்று காலண்டர் பிறந்தது, பிறகு டைரி, நோட்டு அட்டை, வாழ்த்து அட்டை. தீ, பட்டாசு, அச்சு மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வளர்ந்தன.

காலண்டர் வேலையின் உள்விவரத்தைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். இணையப் புகழின் சூட்சுமம் அங்கே முன்கூட்டியே இருக்கிறது. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த ஆண்டுக்கான ஆல்பம் சிவகாசியில் வெளியாகும். சாமி படங்கள், குழந்தைகள், இயற்கைக் காட்சிகள், தலைவர்கள், நடிகர்கள் என்று படங்கள் அடுக்கிய தடித்த புத்தகம் அது. ஏஜென்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவார்கள். நகைக்கடைக்காரர், ஜவுளிக்கடைக்காரர், மண்டிக்காரர் ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து எண்ணிக்கை சொல்வார்கள். அப்படத்தின் கீழே அவர்கள் கடைப்பெயர் ஏறும். ஆக ஒரு முகம் எத்தனை பிரதியாகப் பெருகும் என்பதை வரைந்த ஓவியர் முடிவு செய்வதில்லை, படத்தில் இருப்பவரும் முடிவு செய்வதில்லை. கடைக்காரர் முடிவு செய்கிறார். அவரும் தன் ரசனைக்காக எடுப்பதில்லை. வாடிக்கையாளர் வீட்டுச் சுவரில் 365 நாள் யாருக்கும் உறுத்தாமல் தொங்க வேண்டுமே என்று யோசித்து எடுக்கிறார். கோவில்பட்டியில் தங்கி வரைந்த சி. கொண்டையராஜுவும் (1898–1976) அவருடைய சீடர்களும் வரைந்த லட்சுமியும் முருகனும் இந்தியா முழுவதும் பூஜையறைகளுக்குப் போய்ச் சேர்ந்தது இந்த வழியில்தான். கஜ்ரி ஜெயின் 2007-இல் வெளியிட்ட ஆய்வு நூல் இந்தக் காலண்டர் படங்களின் பொருளாதாரத்தைச் சிவகாசியை வைத்தே விரித்துக் காட்டியது.

காலண்டர் முகத்துக்கு ஆயுள் ஓராண்டு. பட்டாசு லேபிளில் வரும் முகத்துக்கு ஆயுள் தீபாவளி காலை வரை. வெடித்தபின் தெருவில் காகிதக் குப்பையாகிவிடும். லட்சுமி வெடியில் தெய்வத்தின் படம் கிழிந்து காலில் மிதிபடுவது தகுமா என்று பலர் வருந்திக் கேட்டிருக்கிறார்கள். அந்த வருத்தம் நியாயமானது. நடிகர், நடிகை படங்களுக்கு அப்படி யாரும் கேட்கவில்லை. அவர்கள் முகம் புதிதாக இருக்கும்வரை லேபிளில் இருக்கும், அடுத்த ஆண்டு வேறு முகம் வரும். நீடிக்கும் புகழுக்குக் காலண்டர், சூட்டோடு சூடாக விற்கும் புகழுக்கு லேபிள். விளையாட்டு வீரர்கள் பெரும்பாலும் இரண்டாவது வகையில் சேர்ந்தவர்கள். நோட்டு அட்டையில் கிரிக்கெட் வீரர் வருவார். ஓய்வு பெற்றதும் அட்டையிலிருந்தும் இறங்கிவிடுவார். காகிதத்தில் அதுதான் வழக்கம். இணையம் மாற்றியது இந்த வழக்கத்தைத்தான்.

நகாட்டாவின் வாழ்க்கையில் அது எப்படி நடந்தது என்று பார்ப்போம். 1977-இல் யமனாஷி மாகாணத்தின் கோஃபு நகரில் பிறந்தவர். 1997, 1998 இரண்டு ஆண்டுகளும் ஆசியாவின் சிறந்த வீரர். 1998 உலகக் கோப்பை முடிந்ததும் இத்தாலியின் பெருஜா அணிக்குப் போனார். முதல் லீக் ஆட்டமே யுவெண்டஸுக்கு எதிராக. அணி 3-4 என்று தோற்றாலும் இரண்டு கோல்கள் அவருடையவை. அவர் ஆட்டம் பார்க்க ஜப்பானிலிருந்து சுற்றுலாக் கூட்டம் அந்தச் சிறிய நகருக்கு வரத் தொடங்கியது, சட்டை விற்பனை உயர்ந்தது. (அதே 1998-இல் எதிர்த்திசையில் ஒரு பயணம் நடந்தது: ரஜினிகாந்தின் ‘முத்து’ டோக்கியோ திரையரங்கில் மாதக்கணக்கில் ஓடியது. தமிழ்நாட்டில் 1995-இலேயே வந்துபோன படம். புகழ் பிறந்த இடத்தில் ஆறிப்போனாலும் வேறிடத்தில் பற்றிக்கொள்ளும்.)

2001 மே 6 அன்று நடந்ததுதான் இன்றுவரை இணையத்தில் சுற்றும் நகாட்டா. அப்போது அவர் இருந்த ரோமா அணி யுவெண்டஸிடம் 0-2 என்று பின்தங்கியிருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேராத வீரர்களுக்கான கட்டுப்பாடு அந்த ஆட்டத்துக்குச் சில நாள் முன்புதான் தளர்த்தப்பட்டிருந்ததால் அவர் ஆட முடிந்தது. டோட்டிக்குப் பதிலாக இறங்கினார். தூரத்திலிருந்து அடித்த பந்து கோலானது. கடைசி நிமிடங்களில் அவர் அடித்த இன்னொரு பந்தைக் கோல்காப்பாளர் தட்டிவிட, அதைச் சக வீரர் மோன்டெல்லா கோலாக்கினார். ஆட்டம் 2-2 என்று முடிந்தது. அடுத்த மாதம் ரோமா இத்தாலிய லீக்கை வென்றது.

இந்த அரைமணி நேரம் ஏன் அழியவில்லை? ரோமா என்ற கழகம் இன்றும் இருக்கிறது, அதற்குக் கோடிக்கணக்கான ரசிகர்கள் இருக்கிறார்கள், பழைய ஒளிப்பதிவுகள் காப்பகத்தில் பத்திரமாக இருக்கின்றன. பெரிய கழகங்கள் எல்லாம் இன்று பழைய வீரர்களின் பிறந்தநாளுக்கும், பழைய வெற்றிகளின் நாளுக்கும் ஒரு காணொளி இடுகின்றன. அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள், தேதிவாரியான பட்டியல் இருக்கிறது. நம் தினசரிக் காலண்டரில் தேதிக்குக் கீழே குருபூஜையும் ஜெயந்தியும் அச்சிடும் முறை இது. இதற்கு மேல் கணினி விளையாட்டு. ஃபிஃபா என்ற பெயரில் வந்த விளையாட்டில் பழைய மேதைகளுக்கென்று தனி அட்டைகள் இருந்தன, நகாட்டாவுக்கும் ஒன்று. அந்த அட்டையை வைத்து ஆடும் பிள்ளைக்கு நகாட்டா ஓய்வு பெற்றவர் அல்ல, இன்று மாலை தன் அணியில் ஆடப்போகிறவர். இத்தாலியின் மொடேனா நகரில் பானினி நிறுவனம் 1961 முதல் கால்பந்து வீரர் படங்களை ஒட்டுபடமாக விற்று ஆல்பத்தில் ஒட்டவைத்தது. அதன் வாரிசுதான் இந்த அட்டை. மொடேனாவும் சிவகாசியும் ஒரே தொழில் செய்த ஊர்கள்.

நகாட்டாவின் பங்கும் இதில் உண்டு. 1998 தொடக்கத்தில் தேசிய கீதம் பற்றி அவர் சொன்னதாக ஒரு நாளிதழில் வந்த செய்தி கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. அதன்பின் பத்திரிகைகளிடம் பேசுவதைக் குறைத்து, ரசிகர்களிடம் இணையதளம் வழியே பேசினார். ஓய்வுக்குப் பின் உலகம் சுற்றினார், 2009 முதல் ஜப்பானின் 47 மாகாணங்களையும் பயணம் செய்து கைவினைஞர்களையும் அரிசி மதுவான சாக்கே வடிப்பவர்களையும் சந்தித்தார், 2015-இல் சாக்கே நிறுவனம் தொடங்கினார். புதிதாகச் சொல்ல அவரிடம் எப்போதும் ஏதோ இருந்தது. ஆனால் அது மட்டும் போதாது என்பதற்கு இந்தியாவிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது.

அராட்டா இஸுமி 1982-இல் ஷிமோனோசெக்கி நகரில் பிறந்தவர். தந்தை குஜராத்தி வழியினர், தாய் ஜப்பானியர். 2006-இல் ஈஸ்ட் பெங்கால் அணிக்கு ஆட வந்தார். பிறகு மஹிந்திரா யுனைடெட், புனே எஃப்சி. இந்தியாவுக்காக ஆட வேண்டும் என்பதற்காகவே ஜப்பானியக் குடியுரிமையைத் துறந்தார், இரண்டையும் ஒருசேர வைத்திருக்க இரு நாட்டுச் சட்டங்களும் இடம் தரவில்லை. நீல்கண்ட் கம்போல்ஜா என்ற பெயரில் இந்தியரானார், 2013-இல் இந்திய அணிச் சட்டை அணிந்தார். குடியுரிமை மாற்றிக்கொண்டு இந்தியாவுக்கு ஆடிய முதல் வெளிநாட்டுப் பிறப்பாளர் அவர். நகாட்டா நமக்கு யாரோ ஒருவர். இவர் நமக்காகத் தன் பிறந்த நாட்டின் கடவுச்சீட்டைக் கொடுத்துவிட்டு வந்தவர். ஆனால் நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? மஹிந்திரா யுனைடெட் 2010-இல் கலைக்கப்பட்டது. புனே எஃப்சி அணியும் சில ஆண்டுகளில் இல்லாமல் போனது. அவர் பிறந்தநாளில் கோல் காணொளி போட அந்தக் கழகங்கள் இல்லை. புகழைக் காப்பவர்கள் காணாமல் போனால் புகழும் போய்விடுகிறது, ஆட்டக்காரர் எவ்வளவு கொடுத்திருந்தாலும்.

முகத்தைப் பெருக்குகிறவருக்கு இவ்வளவு அதிகாரம் இருந்தால் முகத்துக்கு உரியவரின் உரிமை என்ன? இதிலும் நகாட்டா ஒரு முன்னோடி. அவர் ஆடிக்கொண்டிருந்தபோதே ஒரு பதிப்பகம் அவருடைய அனுமதி இல்லாமல் வாழ்க்கை வரலாறு வெளியிட்டது. சிறுவயதுப் புகைப்படங்களும், பள்ளிப் பருவத்தில் அவர் எழுதிய கவிதையும் அதில் இருந்தன. அவர் வழக்குத் தொடுத்தார். டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2000 பிப்ரவரி 29 அன்று தந்த தீர்ப்பு நுட்பமானது: அந்தரங்க உரிமை மீறப்பட்டது, கவிதையின் பதிப்புரிமை மீறப்பட்டது, ஆனால் புகழின் வணிக மதிப்பைப் பறித்ததாக அவர் வைத்த வாதத்தை ஏற்கவில்லை. ஒருவரின் பெயருக்கும் படத்துக்கும் உள்ள வணிக மதிப்பு அவருக்கே உரியது என்பதை ஜப்பானிய உச்ச நீதிமன்றம் 2012-இல்தான், பிங்க் லேடி என்ற பாடகியர் இணையின் வழக்கில், தெளிவாக ஏற்றது. இங்கே சென்னை உயர் நீதிமன்றம் 2015-இல் ரஜினிகாந்த் பெயரைப் பயன்படுத்திய இந்திப் படத்துக்கு எதிரான வழக்கில் அவர் பக்கம் நின்றது. 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றம், கிரிக்கெட் வீரர்களின் மின்னணு அட்டைகள் பற்றிய வழக்கில், பொதுவெளியில் உள்ள பெயரையும் ஆட்ட விவரங்களையும் பயன்படுத்துவதைத் தடுக்க மறுத்தது. சட்டம் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. என் கட்சி இது: புகழைச் சொல்ல யாரிடமும் அனுமதி வேண்டாம், முகத்தை விற்க வேண்டும்.

உரிமை பற்றிப் பேசும்போது பெயரே இல்லாதவர்களையும் பேச வேண்டும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் நட்சத்திர முகங்களை ஒட்டிய கைகள் பெண்களுடையவை, நெடுங்காலம் சிறுமிகளுடையவையும்கூட. விடியுமுன் வேன் வந்து கிராமத்துப் பிள்ளைகளை ஏற்றிப்போகும். தீக்குச்சிக் கட்டை அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, எல்லாம் எண்ணிக்கைக் கூலி. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகள் வேலை செய்வதைப் பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10 அன்று விரிவான தீர்ப்புத் தந்தது. பள்ளிக்கூடம் அதன்பின் மெல்ல வென்றது. கட்டை அடுக்கிய தலைமுறையின் பேத்திகள் இன்று பள்ளி மைதானத்தில் நிற்கிறார்கள். அந்த மைதானத்தைப் பற்றித்தான் இனிச் சொல்ல வேண்டும்.

2011 ஜூலை 17 அன்று பிராங்க்ஃபர்ட்டில் பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். சுனாமி தாக்கிய நான்கே மாதத்தில் ஜப்பான் அணி அமெரிக்காவை எதிர்கொண்டது. 117-வது நிமிடத்தில் அணித்தலைவி ஹோமரே சாவா காலால் தட்டிவிட்ட பந்து ஆட்டத்தை 2-2 என்று சமன் செய்தது. பெனால்டியில் ஜப்பான் வென்றது. அந்த ஆட்டத்தின் முடிவில் ட்விட்டரில் நொடிக்கு 7,196 பதிவுகள் விழுந்தன, அன்றைக்கு அது உலகச் சாதனை. சாவா 2015-இல் ஓய்வு பெற்றார். கடைசி ஆட்டத்திலும் கோல் அடித்துத் தன் அணிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அந்த அணியின் ஊர் கோபே. ஆம், தீப்பெட்டி லேபிள் வந்த அதே கோபே. அவருடைய 117-வது நிமிடம் இன்றும் ஜப்பானியச் சிறுமிகளின் கைபேசியில் ஓடுகிறது. 2021-இல் ஜப்பானில் பெண்களுக்கான தொழில்முறை லீக் தொடங்கியதற்குப் பின்னால் அப்படி ஒரு முகம் இருந்தது.

நம்மிடம் என்ன இருக்கிறது? 2019 மே மாதம் லூதியானாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வீழ்த்தி இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது சேது எஃப்சி. மதுரை அணி என்று பதிவு. ஆனால் அதன் வேர் விருதுநகர் மாவட்டத்துக் காரியாபட்டி அருகே, சேது பொறியியல் கல்லூரியோடு பின்னியது. அந்தப் பட்டம் தென்னிந்தியாவுக்கே முதல் முறை. கடலூர்க்காரரான இந்துமதி கதிரேசன் அந்த அணியில் ஆடினார்; நேபாளத்தின் சாபித்ரா பண்டாரி ஆடினார், அவர் பின்னாளில் பிரான்ஸ் கழகம் வரை போனார். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-இலும் 2023-இலும் தேசியப் பட்டம் வென்றது. இவை சிறிய சாதனைகள் அல்ல. ஆனால் திருச்சுழியிலோ நரிக்குடியிலோ ஒரு சிறுமியிடம் ஒரு கால்பந்து வீராங்கனை பெயர் கேட்டால் என்ன சொல்வாள் என்று யோசித்துப் பாருங்கள். ஆட்டக்காரர்கள் தங்கள் வேலையைச் செய்துவிட்டார்கள். பெருக்குகிறவர்கள் தங்கள் வேலையை இன்னும் தொடங்கவில்லை.

இங்கே அச்சகம் இருக்கிறது, காகிதம் இருக்கிறது, நூறாண்டுக் கைத்திறன் இருக்கிறது. சிவகாசிக் காலண்டர் முதலாளிகளுக்கும் நோட்டுப்புத்தகம் அடிப்பவர்களுக்கும் என் வேண்டுகோள் இதுதான். அடுத்த ஆடிப்பெருக்கு ஆல்பத்தில் ஒரு பக்கம் இந்தப் பெண்களுக்குக் கொடுங்கள். பள்ளி நோட்டு அட்டையில் அவர்களை அடியுங்கள். அடிக்குமுன் அவர்களிடம் கேளுங்கள், எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், படத்துக்கு உரிய தொகையைக் கொடுங்கள். கழகத்தை நடத்துபவர்கள் ஒவ்வோர் ஆட்டத்தையும் முழுதாகப் படம்பிடித்து வையுங்கள். இந்துமதி ஓய்வு பெற்று இருபது ஆண்டு கழித்து அவர் கோலைத் தேடும் சிறுமிக்கு அது கிடைக்க வேண்டும்.